பாட்டில் யாருடையது?

2017 ஜனவரியில் ஒரு ராத்திரி மெரினாவில் சபதம் எடுத்தேன். அப்போது ஓஎம்ஆரில் வேலை. ஷிப்ட் முடித்துவிட்டு நண்பர்களோடு ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் ஒரு பையன் கையை உயர்த்தி, "இனிமே கோக், பெப்சி குடிக்க மாட்டோம்" என்றான். சுற்றி நின்ற ஐம்பது அறுபது பேரும் திருப்பிச் சொன்னோம். வாழ்க்கையில் நான் எடுத்த சபதங்களில் இன்றுவரை மீறாதது அது ஒன்றுதான்.

போன வருஷம் கம்பெனியின் வருடாந்திர உடல் பரிசோதனையில், மூன்று மாத சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்தது. 5.7ஐத் தொட்டால் எல்லைக்கோடு. 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். ஸ்கேனில் ஃபேட்டி லிவர், கிரேடு 1. எனக்கு வயது 36.

"கூல்ட்ரிங்ஸ் குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எட்டு வருஷமா தொடறதில்ல சார்." குரலில் கொஞ்சம் பெருமையே இருந்திருக்கும்.

"வேற என்ன குடிப்பீங்க?"

சொன்னேன். கொரோனா சமயத்தில் சொந்த ஊரான வேங்கிக்காலுக்குத் திரும்பி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சாயங்காலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நடந்துபோய் ஒரு கரும்பு ஜூஸ். வெயில் காலத்தில் சாத்துக்குடி. வீட்டில் விசேஷம் என்றால் பொவண்டோ. எல்லாமே நம்மூர் சரக்கு.

டாக்டர் சிரிக்கவில்லை. "பேருதான் மாறியிருக்கு. சரக்கு மாறல" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் பழைய செய்திகளையும் ஆய்வுகளையும் தோண்ட வைத்தது. இனிப்பு பானங்களைப் பற்றி நாம் நூறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். பாட்டில் யாருடையது, தண்ணீர் யாருடையது, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். லேபிளிலேயே அச்சடித்திருந்த சர்க்கரையைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

*

கதை மருந்தில் தொடங்குகிறது. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, மதுவடிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். இயற்கை ஊற்றுகளில் பொங்கும் நீர் உடம்புக்கு நல்லது என்று ஐரோப்பியர்கள் நம்பிய காலம் அது. அந்த நீரைச் செயற்கையாகச் செய்ய வழி கிடைத்தது. 1783இல் ஜெனீவாவில் யோகான் ஜேக்கப் ஷ்வெப் அதைத் தொழிலாக்கினார். முதலில் அதை வாங்கியவர்கள் நோயாளிகள். அதில் சர்க்கரை கிடையாது.

வாயுவை உள்ளேயே அடைத்து வைப்பது பெரிய சிக்கலாக இருந்தது. தக்கை உலர்ந்தால் வாயு போய்விடும். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலப் பொறியாளர் பாட்டிலின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலியை வைத்தார். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிக்கொள்ளும். பொறியாளனாக எனக்கு இன்றைக்கும் வியப்பு தரும் வடிவமைப்பு அது: எதை அடைக்க வேண்டுமோ அதையே மூடியாகப் பயன்படுத்துவது. ஐரோப்பா அந்தப் பாட்டிலைச் சீக்கிரமே மறந்துவிட்டது. நம் ஊரில் அது கோலி சோடாவாக நிலைத்தது. வயிறு மந்தமா, ஒரு சோடா. மயக்கமா, முகத்தில் அடிக்க ஒரு சோடா. மேடையில் பேச்சாளருக்குத் தொண்டை கட்டினால் ஒரு சோடா.

சோடாவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாட்டில் வந்து நின்றது. சிவப்பு, பச்சை, ஆரஞ்சு என்று சாயமும் எசென்ஸும் சர்க்கரைப் பாகும் சேர்த்தது. அதற்கு நம்மவர்கள் வைத்த பேர் 'கலர்'. என் சின்ன வயசில் வீட்டுக்கு ஒரம்பரை வந்தால் அம்மா என் கையில் காசைக் கொடுத்து, "ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கியா" என்பாள். வந்தவர்கள் குடித்து மிச்சம் வைத்தால்தான் எனக்கு. வருஷத்தில் நாலைந்து முறை. அதற்கு முந்தைய தலைமுறைக்கு இனிப்பான பானம் என்றால் ராமநவமிக்குக் கோயிலில் கையில் ஊற்றும் பானகம். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கலந்த தண்ணீர், ஒரு உள்ளங்கை அளவு. பானகத்திலும் சர்க்கரைதான் இருந்தது. ஆனால் அளவு உள்ளங்கையோடு நின்றது, அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை.

சோடா, கலர், கூல்ட்ரிங்ஸ், ஜூஸ் என்று நாலு தலைமுறையில் நாலு பேர். பேர் மாற மாற குடிக்கிற நாட்களும் கூடிக்கொண்டே வந்தன.

*

வெள்ளைச் சர்க்கரையும் இதற்கிடையில் மலிவாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தென்னார்க்காட்டின் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் ஆலை சர்க்கரை தயாரித்துக்கொண்டிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கூட்டுறவு ஆலைகள் வந்தன. எங்கள் மாவட்டத்திலேயே செய்யாறில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ரேஷன் கடையில் சர்க்கரை ஒரு உரிமை. அரசியல் கட்சிகள் வாக்குறுதி கொடுக்கும் பண்டம்.

பாட்டில்களின் அரசியல் தனிக் கதை. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் காளிமார்க் நிறுவனத்தைத் தொடங்கினார். பொவண்டோ அவர்கள் தந்ததுதான். தமிழ்நாட்டில் நூறு வருஷம் தாக்குப்பிடித்த உள்ளூர் குளிர்பான நிறுவனம் என்று சொன்னால் அவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கோக-கோலா 1950இல் இந்தியாவுக்கு வந்தது. 1977இல் ஜனதா ஆட்சியின் தொழில்துறை அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியர்களுக்குப் பங்கு கொடு என்று நெருக்கியபோது வெளியேறியது. அந்த இடத்தை நிரப்ப அரசாங்கமே ஒரு கோலாவை விற்றது. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் சூத்திரம் உருவாக்கி, அரசு நிறுவனமான மாடர்ன் பேக்கரி மூலம் 'டபுள் செவன்' என்ற பெயரில் வந்தது. ஆட்சி மாறிய வருஷமே அதன் பெயர். இப்போது யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. ஒரு தேசம் தன் விஞ்ஞானிகளை உட்காரவைத்து சர்க்கரைத் தண்ணீருக்குச் சுதேசிச் சூத்திரம் கண்டுபிடித்திருக்கிறது. அது ஓடவில்லை. அதே வருஷம் வந்த தம்ஸ் அப் ஓடியது. 1985இல் ஃப்ரூட்டி வந்தது. அட்டைப் பெட்டியில் மாம்பழப் படமும் ஒரு ஸ்ட்ராவும். சோடா இல்லை, பழம் இருக்கிறது, அதனால் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை வீட்டுக்குள் வந்தது அந்தப் பெட்டிகளோடுதான் என்று நினைக்கிறேன்.

1990இல் பெப்சி வந்தது. 1993இல் கோக் திரும்பி வந்து தம்ஸ் அப்பையும் அதன் கூட்டாளி பிராண்டுகளையும் வாங்கிக்கொண்டது. 2000களின் தொடக்கத்தில் 200 மில்லி பாட்டில் 5 ரூபாய் என்று இறக்கினார்கள். ஒரம்பரைக்கு வாங்கின கலர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனின் சில்லறைக்கு எட்டிவிட்டது. சமூகத்தின் உடம்பில் ஒரு மாற்றம் நடக்க, பெரும்பாலும் இப்படியொரு விலைமாற்றம் போதும்.

*

பிறகு போராட்டங்கள். ஒவ்வொன்றும் நியாயமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேரளத்தின் பிளாச்சிமடையில் கோக் ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சிக் கிணறுகளைக் கெடுத்துவிட்டது என்று 2002 ஏப்ரலில் மயிலம்மா முதலான பழங்குடிப் பெண்கள் ஆலைக்கு முன் உட்கார்ந்தார்கள். 2004இல் உற்பத்தி நின்றது. 2003 ஆகஸ்டில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 குளிர்பானங்களைச் சோதித்துப் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்தது. சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைக்கப்பட்டு, 2004 பிப்ரவரியில் அந்த முடிவுகள் சரிதான் என்றது. 2016 நவம்பரில் தாமிரபரணித் தண்ணீரைக் கங்கைகொண்டான் சிப்காட்டின் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2ஆம் தேதி தடை விலக்கப்பட்டது. அதற்கு முந்தின நாள், மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பு அறிவித்திருந்தது. எங்கள் ஏரியாவில் பெட்டிக் கடைகளில் பொவண்டோ முன்வரிசைக்கு வந்தது. நான் ஒரு பாட்டில் வாங்கிப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன்.

தண்ணீர் உரிமை பெரிய விஷயம். பூச்சிக்கொல்லி எச்சம் பெரிய விஷயம். உள்ளூர்த் தொழில் பிழைப்பதும் பெரிய விஷயம். ஆனால் பூச்சிக்கொல்லி மைக்ரோகிராம் கணக்கில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். சர்க்கரை லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நாக்கு போதும். எங்கள் தொழிலில் ஒரு பிழை வந்தால் முதலில் லாக் ஃபைலைத் திறப்போம். லேபிள் என்பது அந்த லாக். அது பல வருஷமாகத் திறந்தே கிடந்தது.

நாம் அந்நியனைத் தேடினோம். வெளிநாட்டுக் கம்பெனி அந்நியன், பூச்சிக்கொல்லி அந்நியன். சர்க்கரை அந்நியன் கிடையாதே. அது நம் வயலில் விளைந்தது. பொங்கலன்று வாசலில் நிற்பது. நல்ல செய்தி சொன்னவர் வாயில் போடுவது.

*

சரி, சர்க்கரை உடம்பில் என்ன செய்கிறது?

சர்க்கரை மூலக்கூறில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பின் எல்லாச் செல்களும் எடுத்துக்கொள்ளும். ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் பிரச்சினை இல்லை. ஒரே மூச்சில் வந்து இறங்கினால், தேவைக்கு மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வைக்கும். என் ஸ்கேனில் தெரிந்தது அதுதான். இன்னொன்று, குடிக்கிற கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை. நாலு இட்லி தின்றால் போதும் என்று சொல்லும் வயிறு, அதே சக்தியுள்ள ஜூஸுக்கு அப்படிச் சொல்லாது. ஜூஸும் உள்ளே போகும், பின்னாலேயே இட்லியும் போகும்.

பழத்துக்கும் ஜூஸுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். மூன்று சாத்துக்குடியை உரித்து ஒரே உட்காரலில் தின்பது கஷ்டம். சுளையின் தோல், நார், மெல்லும் நேரம் எல்லாம் சேர்ந்து சர்க்கரை வரும் வேகத்தைக் குறைக்கும். ஜூஸ் கடையில் அதே மூன்று பழம், மேலே ரெண்டு கரண்டி சர்க்கரையோடு, இரண்டு நிமிஷத்தில் உள்ளே போய்விடும். கரும்பு ஜூஸில் 100 மில்லிக்கு சுமார் 12 முதல் 15 கிராம் சர்க்கரை. கோலாவில் சுமார் 10, 11. கோலாவை விட்டுவிட்டேன் என்று மார்தட்டிய நான் குடித்துக்கொண்டிருந்தது கோலாவைவிட இனிப்பானது.

2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 91,000க்கும் மேற்பட்ட செவிலியர்களை 1991 முதல் 1999 வரை பின்தொடர்ந்தது. தினம் ஒன்றோ அதற்கு மேலோ இனிப்பு பானம் குடித்தவர்களுக்கு, மாதம் ஒன்றுக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தது. 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இன்னொரு ஆய்வு பழத்தையும் ஜூஸையும் பிரித்துப் பார்த்தது. திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாகத் தின்றவர்களுக்கு அபாயம் குறைந்திருந்தது. ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடியிருந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், ஜூஸிலும் தேனிலும் உள்ள சர்க்கரையை, நாம் கரண்டியால் போடும் சர்க்கரையோடு ஒரே பட்டியலில் சேர்த்தது. முழுப் பழத்தில் உள்ளதைச் சேர்க்கவில்லை. ஒரு நாளின் சக்தியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்றது. 5 சதவீதம் என்றால் சுமார் 25 கிராம். சாயங்காலம் 300 மில்லி கரும்பு ஜூஸ் குடித்தாலே நான் அதைத் தாண்டிவிடுவேன்.

சுசுருதர் காலத்திலேயே மதுமேகத்தை அறிந்திருந்தார்கள். எறும்பு மொய்க்கும் சிறுநீர் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். 1948இல் மருத்துவர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். சென்னையில் வளர்ந்தவர்களிடையே நோயின் அளவை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த கணக்குகள் இருக்கின்றன. 1989இல் 8.3 சதவீதம், 1995இல் 11.6, 2000இல் 13.5, 2004இல் 14.3. இந்த ஏற்றத்தைக் கோலாவின் தலையில் மட்டும் கட்டினால் அது பொய். மூன்று வேளை தீட்டிய அரிசி, உட்கார்ந்த வேலை, பரம்பரை, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் உடம்பின்மேல் ஜூஸ் டம்ளரையும் நாம்தான் கொண்டுபோய் வைக்கிறோம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. பார்த்தும் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷம் முன்பு அப்பாவுக்குக் கால் விரலில் ஒரு புண். அவருக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருஷம். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், வெறுங்கையோடு வரக்கூடாது என்று, பழப்படம் போட்ட ஜூஸ் டப்பா வாங்கி வந்தார்கள். அலமாரியில் பதினொன்று சேர்ந்தது. "சோர்வா இருக்குடா" என்று அவர் சொன்னபோதெல்லாம், "பழ ஜூஸ்தானேப்பா, தெம்பா இருக்கும்" என்று உடைத்துக் கொடுத்தவன் நான். மூன்றாம் நாள் சர்க்கரை 380. "யார் குடுத்தது இதெல்லாம்?" என்று நர்ஸம்மா கேட்டபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். விரல் தப்பியது. அந்தப் பார்வைதான் இன்னும் போகவில்லை.

*

என்னைப் போலவே சட்டமும் ஏமாந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வாயு ஏற்றிய இனிப்பு பானங்களுக்கு 28 சதவீத வரி, 12 சதவீத கூடுதல் வரி. மொத்தம் 40. பழச்சாறு சேர்த்த, வாயு இல்லாத பானங்களுக்கு 12. 2025 செப்டம்பரில் வரியைத் திருத்தினார்கள். முதலாவதற்கு அதே 40. இரண்டாவதற்கு 12லிருந்து 5. ஆக வரி விழுவது பெரும்பாலும் குமிழிக்கு. எவ்வளவு சர்க்கரை என்று அது கேட்பதில்லை. உணவுப் பாதுகாப்பு விதியோ, பத்து சதவீதம் பழம் இருந்தாலே பழபானம் என்று அழைக்க அனுமதிக்கிறது.

மெக்சிகோ 2014இல் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் வருஷம் விற்பனை சுமார் 5.5 சதவீதமும் அடுத்த வருஷம் சுமார் 9.7 சதவீதமும் குறைந்தது. பிரிட்டன் 2018இல் 100 மில்லிக்கு 5 கிராம், 8 கிராம் என்று படி வைத்து வரி போட்டது. வரிக்குப் பயந்து கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்தன. ஆனால் பிரிட்டனும் பழச்சாற்றுக்கு விலக்குக் கொடுத்தது. பழத்தின் மேல் கைவைக்க எந்த ஊரிலும் மனசு வருவதில்லை போல.

இங்கே கொஞ்சம் அசைவு தெரிகிறது. 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், கெட்டிச்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் பானத்தில் '100 சதவீதப் பழச்சாறு' என்று போடக் கூடாது என்றது. 2025 அக்டோபரில், உண்மையான ஓஆர்எஸ் கலவை இல்லாத இனிப்பு பானங்கள் பெயரில் 'ஓஆர்எஸ்' என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் மருந்துக் கடையில் அதை வாங்கிக் கொடுக்கிறார்களே என்று ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். மருந்தாகப் பிறந்த பானம் 250 வருஷம் கழித்தும் மருந்துக் கடையில் மருந்து வேஷத்தில் நிற்கிறது.

*

திங்கட்கிழமை எங்கள் ஊர் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். செங்கம், போளூர், ஜவ்வாது மலை என்று எங்கெங்கிருந்தோ மனுவோடு வருவார்கள். காலையில் சாப்பிடாமல் முதல் பஸ்ஸைப் பிடித்தவர்கள்தான் அதிகம். பத்து மணி வெயிலில் ஒரு கிழவி ஜூஸ் வண்டியில் நின்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்ததை ஒருநாள் பார்த்தேன். அவளுக்கு அன்றைக்கு அதுதான் காலைச் சாப்பாடு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அப்போது 20 ரூபாய். 10 ரூபாய்க்குக் கலர் கலராகக் கூல்ட்ரிங்ஸ் கிடைக்கிறது. உடனடியாகத் தெம்பு தருவதில் சர்க்கரையைவிட மலிவானது எதுவும் இல்லை. அவளிடம் போய் 25 கிராம் கணக்கு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அங்கே ஒரு குளிர்ந்த குடிநீர்க் குழாயும் மோர்ப் பந்தலும் இருந்தால் அவள் எதைக் குடிப்பாள் என்று மட்டும் யோசித்தேன்.

நான் இப்போதும் சாயங்காலம் அந்தப் பக்கம் நடக்கிறேன். முதல் நாள் வண்டிக்காரர் வழக்கம்போல டம்ளரை எடுத்தார்.

"ஜூஸ் வேணாம்ணா. கரும்புல ஒரு துண்டு வெட்டித் தருவீங்களா?"

"துண்டா? இன்னா சார் புதுசா?" என்றவர், ஒரு ஜாண் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மலையைப் பார்த்துக்கொண்டே மென்றேன். பாதித் துண்டு முடிவதற்குள் தாடை வலித்தது. போதும் என்று தோன்றிவிட்டது. ஜூஸ் குடித்த எட்டு வருஷத்தில் எனக்குப் போதும் என்று தோன்றியதாக ஞாபகம் இல்லை.

மீதியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தார். பாதியை என் பக்கம் நீட்டினார்.